அம்மாவின் லிம்போசைட் குறைந்தது கதிர்வீச்சாலா, ஸ்டீராய்டாலா, கவலையாலா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் உங்கள் அம்மா, பல ஆண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, ஈப்போவுக்குப் போய்க் கதிர்வீச்சு எடுத்து வருகிறார். மொத்தம் 25 தவணை, 45 கிரே (கதிரை அளக்கும் அலகு). கூடவே புற்றுநோய் மாத்திரையும் உண்டு. வாந்தியும் சோர்வும் அதிகமானதால் மூன்று வாரமாகத் தினமும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 4 மில்லிகிராம் சாப்பிடுகிறார். கடைசி ரத்த அறிக்கையில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை சரியாக இருக்கிறது, ஆனால் எதிர்ப்பாற்றலுக்கான வெள்ளை அணு வகையான லிம்போசைட் மட்டும் 0.4 என்று மிகக் குறைந்து வந்திருக்கிறது. கதிர் மண்ணீரலைப் பொசுக்கிவிட்டது என்கிறார் அத்தை. கவலைப்பட்டால் அட்ரினல் சுரப்பி ஹார்மோனைக் கொட்டும், அதுதான் எதிர்ப்பு அணுக்களைக் கொல்கிறது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். ஸ்டீராய்டை இன்றே நிறுத்திவிடலாம் என்கிறார் அண்ணன். இதில் யார் சொல்வது உண்மை, எதை நிறுத்தலாம் என்பதுதான் உங்கள் கேள்வி.

நான் ரத்தவியல் ஆய்வகத்தில் பயிற்சி பெற்று, பேராக்கில் பல ஆண்டுகளாக ரத்தப் படலங்களைப் பார்த்து வருபவன். புற்றுநோய் மருத்துவன் அல்லன். அம்மாவின் சிகிச்சைத் திட்டத்தையோ ஸ்கேனையோ நான் பார்க்கவில்லை. அதனால் மருந்தின் அளவைக் கூட்டு, குறை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. அந்த 0.4 என்ற எண்ணுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். மண்ணீரல் இடது விலா எலும்புகளுக்கு அடியில், இரைப்பையை ஒட்டியே இருக்கிறது. பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம் எடை இருக்கும். இதயம் அனுப்பும் ரத்தத்தில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு அதன் வழியாகப் போகிறது. உடலில் உள்ள லிம்போசைட்டுகளில் கால்வாசி அங்கே தங்கியிருக்கும், மற்றவையும் சுற்றிச் சுற்றி அங்கே வந்து போகும். எனவே இரைப்பைப் பக்கம் கதிர் பாய்ச்சினால் மண்ணீரலை முழுவதுமாக ஒதுக்கிவிட முடியாது. சிகிச்சை நடக்கும் நிமிடங்களில் அந்த வழியாக ஓடும் ரத்தமும் கதிர் வாங்குகிறது. அத்தை சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை உண்டு. பொசுங்குவது என்பது மட்டும் சரியில்லை. மண்ணீரலின் சட்டமும் அதன் விழுங்கணுக்களும் கதிரை நன்றாகவே தாங்கும். தாங்காதவை அதில் குடியிருக்கும் லிம்போசைட்டுகள்தான்.

இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது, எனக்கு இன்றும் வியப்புக் குறையாதது. வேகமாகப் பெருகும் அணுக்களைத்தான் கதிர்வீச்சு முதலில் சாய்க்கும் என்ற பொது விதியைப் பிரான்சில் 1906-இல் பெர்கோனியே, ட்ரிபோன்டோ இருவரும் வகுத்தார்கள். பெரும்பாலான திசுக்களுக்கு அது பொருந்துகிறது. ஆனால் ரத்தத்திலும் மண்ணீரலிலும் ஓய்வாக இருக்கும் சிறிய லிம்போசைட் பெருகுவதே இல்லை, அப்படியிருந்தும் உடலிலேயே மிக எளிதில் சாகும் அணுக்களில் அது ஒன்று. ஒன்றிரண்டு கிரே போதும், சில மணி நேரத்தில் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். அம்மாவுக்கு ஒரு தவணையிலேயே 1.8 கிரே போகிறது. அணுமின் விபத்துகளில் ஒருவர் உடல் முழுவதும் எவ்வளவு கதிர் வாங்கினார் என்பதை மதிப்பிட, முதல் 48 மணி நேரத்தில் லிம்போசைட் எவ்வளவு சரிகிறது என்பதைத்தான் மருத்துவர்கள் இன்றும் பார்க்கிறார்கள். அவ்வளவு நம்பகமான சரிவு அது.

பயிற்சிக் காலத்தில் கதிர் பாய்ச்சிய எலியின் மண்ணீரல் வில்லைகளை எங்களுக்குக் காட்டினார்கள். சாயமேற்றிய வில்லையில், சிவப்புக் கூழுக்கு நடுவே தீவு தீவாக லிம்போசைட்டுகள் திரண்டு நிற்கும் பகுதியை வெண்கூழ் என்போம். கதிர் பாய்ந்து சில மணி நேரம் கழித்து எடுத்த வில்லையில் அந்தத் தீவுகளுக்குள் உட்கரு சுருங்கி, கறுத்து, சின்னஞ்சிறு மணிகளாக உடைந்து கிடக்கும். பெரிய விழுங்கணுக்கள் அந்தத் துகள்களை வயிறு நிறைய வைத்திருக்கும். மறுநாள் எடுத்த வில்லையில் குப்பை அநேகமாக இருக்காது. தீவு மெலிந்து, வெறிச்சோடி நிற்கும். வீக்கமும் இல்லை, சீழும் இல்லை. அவ்வளவு அமைதியான சாவு என்பதால்தான் நோயாளிக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை, ரத்த அறிக்கையில் மட்டும் தெரிகிறது. எல்லா லிம்போசைட்டுகளும் ஒரே மாதிரி மெலிவதில்லை. பி அணுக்கள் முதலில் சாகும். இதுவரை எந்தக் கிருமியையும் சந்திக்காத புதிய டி அணுக்களும் எளிதில் போய்விடும். பழைய தொற்றை நினைவில் வைத்திருக்கும் டி அணுக்கள் ஓரளவு தாக்குப்பிடிக்கும். எதிர்ப்புப் புரதம் சுரக்கும் பிளாஸ்மா அணுக்கள் இன்னும் உறுதியானவை. ஏற்கெனவே அம்மா பெற்ற எதிர்ப்பாற்றல் எல்லாம் அழிந்துவிட்டது என்று நீங்கள் பயப்பட வேண்டாம் என்பதற்கு இதுதான் காரணம்.

இனி அட்ரினல் ஹார்மோன். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது வெறும் கட்டுக்கதை அல்ல, அதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1936-இல் ஹான்ஸ் செல்யே, எலிகளை எந்த விதத்தில் துன்புறுத்தினாலும் அட்ரினல் பெருப்பதையும், நெஞ்சுக்குள் டி அணுக்கள் முதிரும் உறுப்பான தைமஸும் மண்ணீரலும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்குவதையும் எழுதினார். கதிர்வீச்சும் ஒரு துன்புறுத்தல்தானே, அப்படியானால் லிம்போசைட்டைக் கொல்வது கதிரா, கதிர் தூண்டிவிட்ட அட்ரினலா என்ற கேள்வி அப்போதே எழுந்தது. உங்கள் வீட்டில் நடக்கும் அதே வாக்குவாதம். 1942-இல் லெப்லோன், சீகல் என்ற இருவர் அட்ரினல் உள்ள எலிகளையும் அட்ரினல் அகற்றப்பட்ட எலிகளையும் ஒப்பிட்டார்கள். கதிர் நேரடியாக விழுந்த இடத்தில் நிணநீர்த் திசு இரண்டு வகை எலிகளிலும் சுருங்கியது. கதிர் விழாத, தூரத்தில் இருந்த திசு அட்ரினல் உள்ள எலிகளில் மட்டுமே சுருங்கியது. ஆக இரண்டும் உண்மை, ஆனால் வெவ்வேறு வழிகள்.

அந்த வழிகள் எவ்வளவு வேறானவை என்பது 1993-இல் அணுவுக்குள்ளேயே தெரிந்தது. பி53 என்ற புரதம் இல்லாத சுண்டெலிகளின் தைமஸ் அணுக்களைக் கதிரால் கொல்ல முடியவில்லை, ஆனால் ஸ்டீராய்டு கொடுத்ததும் அவை வழக்கம்போலச் செத்தன. அமெரிக்காவிலும் ஸ்காட்லாந்திலும் இரண்டு குழுக்கள் தனித்தனியே இதையே கண்டன. கதிர் டிஎன்ஏவை முறிக்கிறது, அந்த முறிவை பி53 உணர்ந்து அணுவுக்குச் சாவைக் கட்டளையிடுகிறது. ஸ்டீராய்டோ அணுவுக்குள் தனக்கான ஏற்பியுடன் சேர்ந்து உட்கருவுக்குப் போய், மரபணுக்கள் சிலவற்றை இயக்கியும் சிலவற்றை அடக்கியும் வேலை செய்கிறது. டிஎன்ஏ முறிவதில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் எலிக் கதை, இதை அப்படியே அம்மாவுக்குப் பொருத்தினால் தவறாகிவிடும். எலி, சுண்டெலி, முயல் ஆகியவற்றின் லிம்போசைட்டுகள் ஸ்டீராய்டில் மடமடவென்று சாகும். மனிதனுடையதும் குரங்கினுடையதும் அப்படி எளிதில் சாவதில்லை. மனிதரில் ஸ்டீராய்டு முக்கியமாகச் செய்வது இடமாற்றம். ஒரு வேளை ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்து நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ரத்தம் எடுத்தால் லிம்போசைட் பாதிக்கும் கீழே போயிருக்கும், மறுநாள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும். செத்த அணுக்கள் ஒரே நாளில் திரும்பி வர முடியாது. அவை எலும்பு மச்சைக்கும் பிற இடங்களுக்கும் போய்த் தங்கியிருந்தன. அம்மா தலைமுறைக்குப் புரியும்படி சொன்னால், காலைப் பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும்போது, ஆள் குறைகிறது என்றால் வேறு டிவிஷனுக்கு வேலைக்கு அனுப்பப்பட்டிருக்கலாம், அல்லது பெயரே புத்தகத்திலிருந்து போயிருக்கலாம். எண்ணிப் பார்ப்பவருக்கு இரண்டிலும் ஆள் குறைவுதான் தெரியும். ஸ்டீராய்டு பெரும்பாலும் முதல் வகை, கதிர் இரண்டாவது வகை. விதிவிலக்கும் உண்டு. முதிராத லிம்போசைட்டுகளும் லிம்போசைட் வகை ரத்தப் புற்றுநோயின் அணுக்களும் மனிதரிலும் ஸ்டீராய்டால் சாகும், அந்த நோய்க்கு அதுவே மருந்து.

உங்கள் அறிக்கையில் மொத்த எண்ணிக்கை சரியாக இருப்பதற்கும் இதுவே விளக்கம். ஸ்டீராய்டு, நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களை ரத்தக் குழாய்ச் சுவரிலிருந்தும் எலும்பு மச்சையிலிருந்தும் ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, அவை திசுக்களுக்குள் இறங்குவதைத் தடுக்கிறது. அதனால் எண்ணிக்கை கூடித் தெரியும். இந்தக் கூடுதலைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம், ஏனெனில் கிருமி இருக்கும் இடம் திசு. மண்ணீரலின் விழுங்கணுக்களும் ஸ்டீராய்டில் மந்தமாகும். பிளேட்லெட்டை மண்ணீரல் அழிக்கும் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுப்பதற்கு அந்த மந்தமும் ஒரு காரணம். இவற்றோடு புற்றுநோய் மாத்திரையும் எலும்பு மச்சையைச் சற்று அடக்கும். ஆகவே அந்த 0.4-இல் கதிரின் பங்கு எவ்வளவு, ஸ்டீராய்டின் பங்கு எவ்வளவு, மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று ஓர் அறிக்கையை வைத்து யாராலும் பிரிக்க முடியாது. தவணைகள் ஆரம்பித்தது முதல் வந்த அறிக்கைகளைத் தேதி வாரியாக அடுக்கி, ஸ்டீராய்டு தொடங்கிய நாளையும் குறித்து வைத்தால் ஓரளவு தெரியும். டெக்ஸாமெத்தசோன் தொடங்கும் முன்பே எண் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தால், கதிரின் பங்கு பெரிது.

இப்போது கவலை. இந்தப் பகுதியைத்தான் உங்கள் வீட்டார் எல்லோரும் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அட்ரினல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு கார்டிசோல். உடல் சாதாரண நாளில் அதைச் சுரப்பது சுமார் 10 முதல் 20 மில்லிகிராம். பெரிய அறுவை சிகிச்சை போன்ற கடும் நெருக்கடியில் அது நூறு மில்லிகிராமைத் தொடலாம். டெக்ஸாமெத்தசோன் 0.75 மில்லிகிராம் ஏறக்குறைய 20 மில்லிகிராம் கார்டிசோலுக்குச் சமம் என்பது மருத்துவக் கணக்கு. அப்படியானால் அம்மா சாப்பிடும் 4 மில்லிகிராம், உடல் தன் உச்ச நெருக்கடியில் சுரக்கும் அளவுக்கு அருகில் ஏற்கெனவே நிற்கிறது. இன்னொன்றும் உண்டு. வெளியிலிருந்து இவ்வளவு வரும்போது மூளையடிச் சுரப்பி அட்ரினலுக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடும். இரவில் வெறும் 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால், ஆரோக்கியமானவருக்கு மறுநாள் காலைக் கார்டிசோல் அடங்கிவிடும், அதை ஒரு பரிசோதனையாகவே செய்கிறோம். ஆகவே இந்த மாத்திரை சாப்பிடும் நாட்களில் அம்மா எவ்வளவு கவலைப்பட்டாலும், அந்தக் கவலை புதிதாகக் கார்டிசோலைச் சுரக்க வைப்பதற்கு அநேகமாக வழியில்லை.

அட்ரினலின் உட்பகுதி சுரக்கும் அட்ரினலினுக்கு இந்தத் தடை இல்லை. பயந்தால் அது வரும். ஆனால் அது சில நிமிடங்களில் மண்ணீரலிலிருந்தும் குழாய்ச் சுவர்களிலிருந்தும் லிம்போசைட்டுகளை ரத்தத்துக்குள் தள்ளும். எண்ணிக்கை முதலில் கூடும், குறையாது. பல மாதக் கவலையும் தனிமையும் எதிர்ப்பாற்றலைக் குறைக்கின்றனவா என்றால், குறைக்கலாம் என்று காட்டும் ஆய்வுகள் உள்ளன, சளிக்காய்ச்சல் எளிதில் தொற்றுவது வரை. அவை நிரந்தரமான விளைவா, நோயின் போக்கை மாற்றுமா என்பது தீர்ந்த விஷயம் அல்ல. அம்மாவின் 0.4-க்கு அது காரணம் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. வருபவர்கள் எல்லாம் அவரிடம் கவலைப்படாதே, கவலைப்பட்டால் சக்தி போய்விடும் என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். நோயைத் தாங்குவதே பெரும்பாடு, நோய்க்குத் தானே காரணம் என்ற பழியையும் அவர் சுமக்க வேண்டியதில்லை. அவர் அழ நினைத்தால் அழட்டும்.

நிச்சயமில்லாத வேறு இரண்டையும் சொல்லிவிடுகிறேன். லிம்போசைட் மிகவும் குறைந்தவர்களுக்குப் பல புற்றுநோய்களில் சிகிச்சையின் பலன் சற்று மோசமாக இருப்பதாகத் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன. குறைவே அதற்குக் காரணமா, நோய் தீவிரமாக இருப்பதன் அடையாளமா என்பது நிரூபிக்கப்படவில்லை. மண்ணீரலுக்குக் கதிர் குறையும்படி திட்டமிட்டால் லிம்போசைட் அதிகம் மிஞ்சும் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்து வருகின்றன, ஆயுள் கூடும் என்பதற்கு இன்னும் இல்லை. 1949-இல் சிகாகோவில் லியோன் ஜேக்கப்சன், சுண்டெலியின் மண்ணீரலை ஈயத்தால் மறைத்துவிட்டு மற்ற உடல் முழுவதும் கொல்லும் அளவு கதிர் பாய்ச்ச, பல சுண்டெலிகள் பிழைத்தன. இதைக் காட்டி ஈயக் கவசம் கேட்கலாமா என்று யாராவது உங்களிடம் சொன்னால், சுண்டெலியின் மண்ணீரல் ரத்தம் உற்பத்தி செய்யும் உறுப்பு, வளர்ந்த மனிதருடையது அப்படியல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

எண்ணிக்கை எப்போது திரும்பும்? ஸ்டீராய்டால் இடம் மாறியவை மருந்து குறைந்ததும் நாட்களில் திரும்பும். கதிரால் செத்தவற்றில் பி அணுக்கள் மாதங்களில் நிரம்பும். டி அணுக்கள் மெதுவாக, ஓராண்டுக்கு மேலும் ஆகலாம், அம்மா வயதில் தைமஸ் சுருங்கிப்போயிருப்பதால். மண்ணீரல் முழுவதற்கும் 40 கிரே அளவுக்குப் போயிருந்தால், பின்னாளில் அது வேலை குறைந்து போவதும் உண்டு. அப்போது ரத்தப் படலத்தில் சில சிவப்பணுக்களுக்குள், ஓரமாக, கருஊதா நிறத்தில் உருண்டையான ஒற்றைப் புள்ளி தெரியும். ஹாவல்-ஜாலி துகள் என்பார்கள். நல்ல மண்ணீரல் அதைப் பிடுங்கி எடுத்துவிட்டுத்தான் சிவப்பணுவை வெளியே விடும். அந்தப் புள்ளி தென்பட்டால் நிமோனியா கிருமிக்கு எதிரான தடுப்பூசிகள் பற்றி மருத்துவர் முடிவெடுப்பார். 40 கிரேக்குக் கீழே எந்த அளவிலிருந்து அந்த ஆபத்துத் தொடங்குகிறது என்பதில் ஒத்த கருத்து இல்லை. மண்ணீரலுக்குச் சராசரியாக எவ்வளவு போகிறது என்று கதிர்வீச்சுப் பிரிவில் கேளுங்கள், திட்டத்தில் அந்த எண்ணைப் பார்த்துச் சொல்வார்கள்.

அண்ணனுக்குப் பதில்: நிறுத்தக் கூடாது. மூன்று வாரமாக இந்த அளவில் சாப்பிடும் ஒருவரின் அட்ரினல் தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியும் மயக்கமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும்போது, அவர் சொல்லும் படிகளில்தான் குறைக்க வேண்டும். கேட்க வேண்டியது எப்போது குறைக்கத் தொடங்கலாம் என்பதை. நான்கு வாரத்துக்கு மேல் நீளும் என்றால் நுரையீரல் தொற்றைத் தடுக்கும் மாத்திரை தேவையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

தோட்டத்து மனிதர்கள் மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடுவது ஒன்று உண்டு. அம்மா இருட்டோடு எழுந்து, ஈரமண்ணில் வெறுங்காலோடு நிரை பிடித்து மரம் வெட்டியவர் என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற குடற்புழு அப்படிப்பட்ட மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறும். குடலில் தானே தன்னைப் புதுப்பித்துக்கொண்டு பல பத்தாண்டுகள் சத்தமில்லாமல் இருக்கும். ஸ்டீராய்டு கொடுக்கும்போதுதான் பெருகி உடல் முழுவதும் பரவும், அது உயிரைப் பறிக்கக் கூடியது. மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் உள்ளன, மருந்தும் எளிது. வழக்கமாகப் புழுவைக் காட்டிக்கொடுக்கும் இயோசினோபில் அணுக்களை ஸ்டீராய்டு மறைத்துவிடும் என்பதால் அறிக்கையில் அவை குறைவாக இருப்பதை நம்பக் கூடாது. நம் மண்ணிலும் சேற்று நீரிலும் வாழும் மெலியோய்டோசிஸ் கிருமியும் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிக்கும், மண்ணீரலிலேயே சீழ்க்கட்டி வைக்கும். கொல்லையில் வேலை செய்வதை இப்போதைக்கு நிறுத்தட்டும், வெளியே கால் வைத்தால் மூடிய செருப்போ பூட்ஸோ அணியட்டும்.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் அடுத்த கிளினிக் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும் என்பதால் காய்ச்சலே இல்லாமல் நடுக்கம், குழப்பம், மூச்சு வாங்குதல், திடீர்ச் சோர்வு வந்தாலும் அப்படித்தான்.

கடைசியாக, முட்டி வலிக்கு இரவுச் சந்தையில் வாங்கிய ஜாமு என்ற மூலிகை மருந்து இருக்கிறது, எப்போதாவது சாப்பிடுவார் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அதை நான் போகிற போக்கில் விட முடியாது. வலிக்கு உடனே கேட்கும் இப்படிப்பட்ட பொருட்களில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அம்மா கணக்கில் உள்ள 4 மில்லிகிராமுக்கு மேல் கணக்கில் இல்லாத ஸ்டீராய்டும் எடுத்துக்கொண்டிருக்கலாம், எவ்வளவு காலமாக என்பதும் தெரியாது. உறையில் எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹாலோகிராம் ஒட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், குப்பையில் போடாமல் டப்பாவோடு எடுத்துப்போய் அடுத்த தவணைக்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டைக் குறைக்கும் கணக்கை அதையும் சேர்த்துத்தான் அவர் போட வேண்டியிருக்கும்.